டிராமாவின் தலைவலி

“கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

தையல் மெஷினிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை. “எதுக்கு?”

அவர் அவளையே ஒரு கணம் பார்த்தார். “தலைவலி.”

“நாடகத்தை ஆரம்பிச்சாச்சா?”

கேள்வியில் நியாயம் இருந்தது. ஒட்டடை அடிக்கச் சொன்னால் தலைவலி, பரணில் ஏறச் சொன்னால் தலைவலி என்று கட்டிலில் விழுகிற மனுஷன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்தான். ஆனாலும் தெருவில் அவர் பெயர் ‘டிராமா’. பணிமனை ஆண்டுவிழா நாடகத்தில் பிணமாக நடித்து, ஒப்பாரிக்கு நடுவே தும்மிய அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

அவள் நேரெதிர். ஒருமுறை மெஷின் ஊசி விரலில் ஏறியபோதுகூட, கையிலிருந்த காலரைத் தைத்து முடித்துவிட்டுத்தான் விரலில் துணி சுற்றினாள்.

“டீ குடிச்சதுலேர்ந்து எனக்கும்தான் மண்டை பிளக்குது. நான் போய்ப் படுத்தேனா?” என்றாள் குழறலாக.

குழறல் அந்த வீட்டுக்குப் புதிதில்லை. குண்டூசிகளை உதட்டோரம் கவ்விக்கொண்டே பேசுவது அவள் வழக்கம். அந்தப் பாஷையை வீட்டில் எல்லாரும் தனியாகக் கற்று வைத்திருந்தார்கள்.

கத்திரிக்கோல் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. “பாருங்க, உங்களால வேலை கெடுது. நாளைக்குக் கல்யாணப் பொண்ணு வந்து நிப்பா.”

அவர் குனிந்து அதை எடுத்து எட்டத்தில் வைத்தார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தார்.

“இது பழைய வலி இல்லை. திடீர்னு இடி இறங்கின மாதிரி இருக்கு. கை வேற தளருது. ஸ்ட்ரோக்குதான்.”

“எந்தக் கை?”

“இடது.”

“வலதையில்ல பிடிச்சுட்டிருக்கீங்க.”

அவர் கையை மாற்றிக்கொண்டார். படுத்தபடியே ஆம்புலன்ஸுக்கும் அவரே போன் செய்தார். “ஸ்ட்ரோக் மாதிரி இருக்குங்க. திடீர் தலைவலி, கையில பலமில்லை, பேச்சு குழறுது. சீக்கிரம் வாங்க.” முகவரியை மருந்துக்கடைத் திருப்பம் வரைக்கும் பிசிறில்லாமல் சொன்னார்.

“இதுக்குப் பேரு குழறலா? செய்தி வாசிக்கிறவங்க தோத்தாங்க.”

சொன்னாளே தவிர, தைத்துக்கொண்டிருந்ததை ஒதுக்கிவிட்டாள். இத்தனை பொய் வலிக்கு நடுவே ஒன்று நிஜமாகிவிட்டால்? சுவரைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாரைத் திட்டுறது?”

அவர் கண்ணில் நீர் வழிந்தது. எந்த ஒத்திகையிலும் அவருக்கு வராத கண்ணீர்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் முந்தானையை விடவே இல்லை அவர். “நீயும் ஏறு. நீ வரலைன்னா நானும் போகலை.”

“சின்னக் குழந்தை கெட்டுது போங்க” என்று முனகிக்கொண்டே ஏறினாள். கதவு சாத்தி வண்டி நகர்ந்தது.

மறுநொடி, டிராமா எழுந்து உட்கார்ந்தார். மனைவியைத் தோளோடு அணைத்து, தன் இடத்தில் மெல்லப் படுக்க வைத்தார்.

“எனக்கு ஒண்ணுமில்லை, தம்பி. இவளைப் பாருங்க” என்றார் ஆம்புலன்ஸ் உதவியாளரிடம்.

அவள் திடுக்கிட்டு எழப் பார்த்தாள். இடது கை ஊன்றவில்லை.

“உனக்குன்னு சொன்னா வந்திருப்பியா? பேசாம படு. நான் தும்மாம முடிச்ச நாடகம் இது ஒண்ணுதான்.”

“அம்மா, கொஞ்சம் சிரிங்க” என்றார் உதவியாளர். பாதி உதடுதான் சிரித்தது. உடனே உதவியாளர் முன்பக்கம் தட்டி, டிரைவரிடம் வேகம் கூட்டச் சொன்னார். “நேரத்துல கிளப்பிட்டீங்க, சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“எப்பவும்போலக் குண்டூசியைக் கவ்விக்கிட்டுக் குழறுறான்னுதான் நானும் நினைச்சேன், தம்பி. பார்த்தா, வாயில ஒண்ணுகூட இல்லை. எல்லாக் குண்டூசியும் மெஷின் மேல இருக்கிற குட்டிப் பஞ்சு மெத்தையிலதான் குத்தியிருந்துது.”