ஆட்டு ஸ்வெட்டர்

கடலூர் கிளப்பில் இங்கிலீஷ் வார்த்தை ஆட்டம், கடைசிச் சுற்று. வெள்ளிக் கோப்பைக்கும் நூர்முகம்மதுவுக்கும் நடுவே ஒரு வார்த்தைதான் பாக்கி. கையிலிருந்த எழுத்துக் கட்டைகளை அடுக்கினார்: 'க்வாஸ்ப்'.

"என்னா பாய் இது?" என்றார் எதிரே ஆடிய சிதம்பரத்து மரிய ஜோசப்.

"ஸ்காட்லாந்துல ஆட்டுக்குப் போடுற ஸ்வெட்டர். உங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லியா?"

அந்த நிமிடம் பிறந்த வார்த்தை அது. சுற்றியிருந்தவர்கள், தெரியாது என்று காட்டிக்கொள்ள மனமில்லாமல், பலமாகத் தலையாட்டினார்கள்.

மரிய ஜோசப் விடவில்லை. "டிக்‌ஷனரியப் பாத்துடலாம்."

தினமும் டிக்‌ஷனரி படித்த பிறகே காபி குடிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கிளப் தலைவர் தணிகாசலம் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். தலையணை மொத்தத்தில் இருந்த புத்தகத்தைத் தன் மார்புக்கு நேரே விரித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு. ஆட்டு ஸ்வெட்டர்தான்."

மரிய ஜோசப்பின் முகம் தொங்கிப்போனது. நூர்முகம்மதுவுக்கோ ஆச்சரியம்: தான் கட்டிவிட்ட வார்த்தை புத்தகத்தில் எப்படி ஏறியது? கோப்பையை வாங்கும் சாக்கில் நூர்முகம்மது எட்டிப் பார்த்தார். அட்டைக்குள் பக்கங்களே இல்லை. கறையான் அரித்துக் கூடு கட்டியிருந்தது.

தலைவர் அவரையே பார்த்தார்.

"ஆமா சார், மொத வரியிலயே போட்டிருக்கான்" என்று கோப்பையை வாங்கிக்கொண்டார் நூர்முகம்மது.