மதிலுக்குள் போன இரண்டடி

தன் வாப்பா கட்டிய மதிலைத் தானே அளக்க வேண்டி வரும் என்று பஹ்மி நினைத்திருக்கவில்லை. மாநகர சபையிலிருந்து வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் தனஞ்சயன், அளவு நாடாவின் நுனியை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

"தம்பி டவுன் பிளேனிங்தானே படிக்கிறீங்க? அந்த முனையில பிடிங்க."

கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் போகும் அந்தக் குறுகிய ஒழுங்கை முழுவதும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. பல்கலைக்கழகத்தில் பஹ்மிக்கு இது மூன்றாம் வருடம். பாடம் நகர, பிரதேசத் திட்டமிடல். அந்தப் பெயர் வாயில் நுழையாததால், மகன் ஊருக்கே பிளேன் போடப் படிக்கிறான் என்றுதான் வாப்பா அப்துல் ஹமீட் பள்ளிவாசலிலும் சந்தையிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எதிர்வீட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டார். "ஊருக்குப் பிளேன் போடுற புள்ள, ஊட்டு மதிலுக்குப் போடல்லியாக்கும்."

சிரித்தார்கள். பஹ்மி குனிந்து நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தங்கை பஸ்லியாவுக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டின் மதில் அது. பெருநாள் கழியக் கலியாணம். மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டிய வீடு. போன மாதம் விடுமுறையில் வந்த அன்றே, மதில் ஒழுங்கைக்குள் தள்ளி நிற்பது பஹ்மியின் கண்ணில் பட்டது. சாப்பிடும்போது மெல்லப் பேச்சை எடுத்தான்.

"புள்ளட ஊடு. ரெண்டடி கூடினா ஒழுங்க தேஞ்சா போகும்?" என்றார் வாப்பா. அவன் சோற்றைப் பிசைந்தான். அவரை மறுத்துக் கதைக்கும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

தனஞ்சயன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கணினியில் அடித்த, பெயரும் கையெழுத்தும் இல்லாத மொட்டைப் பெட்டிசம். எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"மேற்படி மதில் ஒழுங்கைக்குள் பூச்சியம் தசம் ஆறு மீற்றர் தள்ளிக் கட்டப்பட்டுள்ளது. எஞ்சியுள்ள அகலம் இரண்டு தசம் ஒரு மீற்றர். இதனால் அம்புலன்ஸ் வண்டி உள்ளே வர முடியாமல், கடந்த மூன்றாம் திகதி ஒரு நோயாளியைக் கதிரையில் வைத்துத் தூக்கிச் செல்ல நேர்ந்தது."

"அடிக் கணக்கில செல்லுங்க சேர்," என்றார் வாப்பா. "இதெல்லாம் நமக்கு விளங்கா."

"ரெண்டடி. கடிதத்தில உள்ள அளவு சரிதான். பதினாலு நாளைக்குள்ள உடைச்சிருங்க."

வாப்பா அந்தக் கதிரைக் கதையைப் பிடித்துக்கொண்டார். கதிரையில் தூக்கிப்போனது பக்கத்து வீட்டு மக்கீனை. இடியப்பம் அவித்து விற்கும் அவருடைய மனைவி சுஹறா தன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"பெட்டிசம் எழுதுற கை, இடியப்பமும் புழியுமா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். "இண்டையோட அந்த ஊட்டு இடியப்பம் நம்மட ஊட்டுக்கு வேணாம்."

சுஹறா பஹ்மியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று பின்னேரம் வாப்பா அவனருகில் வந்து உட்கார்ந்தார். கோபம் வடிந்திருந்தது. "எனக்கு மதில் போனா போகட்டும். மகன், உனக்குத்தான் வெக்கம். நாளைக்கு நீ உத்தியோகத்துக்கு வந்தா இதத்தான் செல்லிக் காட்டுவானுகள்."

பஹ்மியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

மக்கீன் பாயில் விழுந்த பிறகு அந்த வீடு இடியப்பத்தில்தான் ஓடியது. அப்துல் ஹமீட் வேண்டாம் என்றதும் முதலில் ஒரு வீடு வாங்குவதை நிறுத்தியது, பிறகு நாலு வீடு. மூன்றாம் நாள் மேசன் வந்து மதிலை உடைக்கத் தொடங்கினார். விழுந்த ஒவ்வொரு அடிக்கும் வாப்பா சுஹறாவைத் திட்டினார். காலை ஒன்பது மணியாகியும் அவளுடைய இடியப்பத் தட்டுகள் நிறைந்தபடியே இருந்ததை உடைந்த இடைவெளியால் பஹ்மி கண்டான்.

அதற்கு மேல் அங்கே நிற்க ஏலாமல், பின்பக்கத்து வேலியால் சுற்றிக்கொண்டு அவள் இடியப்பம் அவிக்கும் குசினி வாசலுக்குப் போனான்.

"மாமி, இருவது இடியப்பம் தாங்க."

"வாப்பா கண்டா ஏசுவார்."

"அவர் மேசனோட நிக்கார்."

சுஹறா இருபதை எண்ணிப் பையில் போட்டு, சம்பலைத் தனியாகக் கட்டினாள். உள்ளே மக்கீன் இருமும் சத்தம் கேட்டது. படிப்பு எப்படி, எப்போது திரும்பிப் போகிறாய் என்று வழமைபோல் விசாரித்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றான். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்தது தொண்டைவரை வந்தது. வாயில் வந்ததோ வேறு.

"வாப்பா கதைச்சத்த மனசில வெக்காதீங்க மாமி. ஆரோ எழுதினத உங்கட தலையில போட்டுட்டாங்க."

சுஹறா பையை அவன் கையில் கொடுத்தாள். மதிலடியில் நிற்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள்.

"மகன், நம்மட ஒழுங்கையில ஆரு மீற்றர்ல அளக்கிற?"