ஒரு சிலிர்ப்பு

புளியமரத்துப் பேய்க்கு நேர்ந்துவிட்ட கிடாவை ஊரில் யாரும் அடிப்பதில்லை. அந்தத் தைரியத்தில் அது பட்டியிலிருந்த குட்டிகளையெல்லாம் முட்டித் தள்ளியது.

“உன்னை மாதிரி வீரன் எவன் இருக்கான்?” என்றது பேய். “நாளைக்கு மாலை போட்டு, மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. ராஜா மாதிரி உடம்பைச் சிலிர்த்துக் காட்டு.”

மறுநாள், கிடா முட்டியதில் காலொடிந்த குட்டி நொண்டிக்கொண்டே வந்தது.

“அண்ணே, அசையாம நில்லு. சிலிர்த்தா சம்மதம்னு வெட்டிருவாங்க. சிலிர்க்கலைன்னா விட்டுருவாங்க.”

“என் மாலையைப் பார்த்துப் பொறாமையா?” என்று அதை இன்னொரு முட்டு முட்டியது கிடா.

தண்ணீர் விழுந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இத்தனை கண்ணும் தன்மேல்தான் என்று கிடாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு முறை போதாதென்று இரண்டு முறை சிலிர்த்தது.