கதவு விழுங்கிய இடக்கை

உட்துறைமுக வீதியோரம் பழைய காரொன்று நிற்கிறது. உறை கழற்றிய கதவின் ஓட்டைகளால் கடல் வெளிச்சம் உள்ளே விழுகிறது. தவில்காரர் புவிதரன் முன் ஆசனத்தில் இருந்து, கம்பு பிடிக்கும் இடது மணிக்கட்டைத் தடவுகிறார். முறிவு ஆறியபின் கோயிலில் வாசித்த முதல் மேளம் கைபேசியில் இருக்கிறது. அதிலும் சரி, காரில் போட்டாலும் சரி, வலக்கை மட்டுமே கேட்கிறது. "கை போயிட்டுதோ, ஸ்பீக்கர் போயிட்டுதோ தெரியேல்ல தம்பி. புதுசு வாங்கவும் ஏலாது." ஸ்பீக்கர் பூட்டும் அப்ராஸ் சிரிக்கிறார். "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு அண்ணை. போன்ட சின்ன ஸ்பீக்கர்ல தாழ்ந்த சத்தம் எப்பவும் வராது. இங்க கதவுதான் கள்ளன்." ஸ்பீக்கரின் தாள் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இடையில் ஓட்டை இருந்தால், தள்ளிய காற்றை இழுத்த பக்கமே குடித்துவிடும்; முதலில் அழிவது தாழ்ந்த ஒலிதான், தவிலில் அது இடக்கையின் ஒலி. கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்த்தாளை வெட்டி, அப்ராஸ் ஒவ்வோர் ஓட்டையாக மூடிப் பெருவிரலால் அழுத்துகிறார். பிறகு மேளத்தைப் போடுகிறார். தொம்மென்று இடக்கை வருகிறது. கதவு அதிரவில்லை, புவிதரனின் நெஞ்சு அதிர்கிறது. தாளத்தின் மூன்றாம் சுற்றில் இடக்கை அடி நூலளவு பிந்துகிறது. அவர் முகம் மாறுவதைக் கண்ட அப்ராஸ் சத்தத்தைக் குறைக்கப் போகிறார். "விடுங்கோ தம்பி," என்கிறார் புவிதரன். "பிந்துதுதான். ஆனா கை இருக்கு."