தறிப் பேச்சு

அட்டையோடு ஒவ்வொன்றாகக் கத்தரித்த இருபத்திரண்டு மாத்திரைகளைக் கலைமகள் டாக்டரம்மாவின் மேசையில் கொட்டினாள்.

"அப்பா சட்டைப் பையில இருந்துச்சுங்க. நாலு நாளா அந்தச் சட்டையக் கழட்டவே மாட்டேன்னாரு. இன்னிக்குத் தொவைக்கலாம்னு புடுங்கிப் பார்த்தா, இது!"

டாக்டரம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தூக்கத்துக்காகப் போன மாதம் அவரே எழுதித் தந்தது. "தினமும் யார் எடுத்துக் கொடுக்கறது?"

"அம்மாதானுங்க. முழுங்கிட்டேன்னு ஏமாத்திச் சேர்த்து வெச்சிருக்காரு. நான் கம்பெனிக்குப் போன நேரத்துல ஏதாச்சும் ஆயிருந்தா..."

நடு நாற்காலியில் சென்னியப்பன் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். தொண்டையில் கேன்சர் என்று ஐந்து மாதம் முன்பு அவருடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சு விடும் துளைக்கு மேலே, பனியன் கம்பெனி வெட்டுத்துணியில் மகள் தைத்துக் கட்டிய சின்னத் திரை உப்பித் தணிந்துகொண்டிருந்தது.

கையெழுத்துக்கு மேல் ஓர் எழுத்தும் தெரியாத மனிதர். அவர் மனதில் இருப்பதை எடுத்துச் சொல்ல, பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி மயிலாத்தாள் ஒருத்திதான்.

இரண்டு பேரும் சோமனூரில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர்கள். நாற்பது தறி ஒன்றாக அடிக்கிற கொட்டகையில் கத்தினாலும் காதில் விழாது. உதட்டசைவும் விரலும்தான் அங்கே பேச்சு. விடுதியில் தங்கிப் படித்த கலைமகளுக்கு அந்தப் பாஷை வரவில்லை. சின்ன வயதில் அவர்கள் சத்தமில்லாமல் பேசிச் சிரிப்பதைப் பார்க்கும்போது, தன்னை மட்டும் உள்ளே விடாத ஏதோ தூரதேசம் போல அவளுக்குத் தோன்றும்.

"பிரஷர் பார்க்கலாமுங்களா மேடம்!" என்று அறையே அதிரக் கேட்டபடி வந்தாள் ஆஸ்பத்திரி உதவியாள் ரங்காத்தாள்.

"மெதுவா ரங்காத்தா. இங்க யாரும் செவிடில்ல."

"நாந்தானுங்க செவிடு. தறிச் சத்தத்துல போன காது. எனக்கு இது மெதுவாத்தானுங்க கேக்குது." சிரித்துக்கொண்டே சென்னியப்பனின் பின்பக்கம் நின்று, அவர் கையில் பட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா முன்னால் சாய்ந்தார். "ஐயா, ஒளிக்காமச் சொல்லுங்க. உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?"

சென்னியப்பனின் உதடுகள் வேகமாக அசைந்தன. பட்டை சுற்றாத கை எழுந்து மயிலாத்தாளைக் காட்டியது.

"ஆமாங்கறாருங்க" என்றாள் மயிலாத்தாள். "எனக்குப் பாரமா இருக்கறாராம்."

அவர் தலையை உலுக்கினார். மேசையை ஓங்கி அடித்தார். மாத்திரைகள் மேசைமேலேயே துள்ளின.

"கோவப்படாதீங்கப்பா." கலைமகள் அவர் தோளைப் பிடித்தாள். "ஊட்லயும் இப்பிடித்தானுங்க. எங் கையப் புடிச்சு இழுத்து அம்மாவக் காட்டுவாரு. என்னன்னு கேட்டா, பாரமா இருக்கறேங்கறாருன்னு அம்மா சொல்லும்."

"எத்தனை நாளா இந்த நினைப்பு?"

மறுபடி உதடுகள் அசைந்தன. மயிலாத்தாள் மேசையில் கிடந்த மாத்திரைகளையே பார்த்தபடி சொன்னாள்.

"ஆபரேசன் ஆன நாள்ல இருந்தேங்கறாரு. விடிஞ்சா எதுக்கு விடியுதுன்னு இருக்குதாம். சோத்த வாயில வெச்சா மண்ணாட்ட இருக்குதாம். கூட்டத்துக்குள்ள நின்னாலும் ஒருத்தருமில்லாத காட்டுல நிக்கறாப்பல..." அவள் குரல் மெல்ல உடைந்தது. "எல்லாரும் நோவத்தாங் கேக்கறாங்களாம். ஆளக் கேக்கறதில்லையாம்."

கலைமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவுக்குள் இத்தனை இருக்கிறதா? தினமும் அவருடைய கழுத்துத் துணியை மாற்றுகிறோம், அவரை ஒரு வார்த்தை கேட்டோமா?

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "இந்த நோய் வந்தவங்களுக்கு மனசும் சேர்ந்து படுத்துக்கறதுண்டு. குணப்படுத்தலாம். இன்னிக்கே அட்மிஷன் போடறேன். தனியா மட்டும் விடாதீங்க. ராத்திரி கூட யாரு இருக்கப்போறது?"

"நானிருக்கறனுங்க" என்றாள் மயிலாத்தாள் உடனே. "அந்த மாத்திரையுங்கூட எங்கிட்டயே இருக்கட்டுமுங்க. நான் பத்திரமா வெச்சுக்கறேன்."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். கலைமகள் மாத்திரைகளைக் கூட்டி அள்ளினாள்.

சென்னியப்பன் பாய்ந்து எழுந்தார். பிரஷர் கருவி கீழே விழுந்து உருண்டது. மகளின் இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் பிடிக்குள் நெரித்தார். கழுத்துத் துளையிலிருந்து காற்று சீறியது, திரைத்துணி படபடத்தது. உதடுகள் மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன.

"விடுங்கப்பா! ஐயோ, அம்மா, கையப் பிரிச்சு விடு!"

மயிலாத்தாள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். அவளுடைய கை நடுங்கவே இல்லை.

விழுந்த கருவியை எடுக்கக் குனிந்து முன்பக்கம் வந்த ரங்காத்தாள் நிமிர்ந்து, முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண்கள் அவருடைய உதட்டைவிட்டு நகரவில்லை.

"நிறுத்து கண்ணு!" என்று கலைமகளிடம் கத்தினாள். அடுத்ததைச் சொல்லும்போதுதான், அந்த அறைக்குள் வந்ததிலிருந்து முதன்முறையாக அவளுக்குக் குரல் இறங்கியது.

"மாத்திர எம் பொண்டாட்டி தலகாணிக்குள்ள இருந்துச்சு, அவகிட்டக் குடுத்துறாதீங்கங்கறாரு."