லேசா ஊது

"நல்லா ஊதாதடி. லேசா ஊது" என்று மகளின் காதில் சொன்னாள் சான்ட்ரா.

ஆனிக்குப் புரியவில்லை. இப்போது கொஞ்ச நாளாகத்தான் அவளால் நன்றாக மூச்சு விட முடிகிறது. மூச்சின் பலத்தை அளக்க டாக்டர் நீட்டும் குழாயில் நன்றாக ஊதி, அதிலிருக்கும் சிவப்பு முள்ளை மேலே ஏற்றிக் காட்டவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அம்மா தொடையில் கிள்ளியதும் பேருக்கு ஊதினாள். முள் பாதிகூட ஏறவில்லை.

"ராத்திரி வீசிங் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் டாக்டர் ஜெயராம்.

"அப்படியேதான் சார் இருக்கு."

சான்ட்ரா தலையைத் தூக்கவில்லை. பொய் சொன்னால் அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிடும்.

மயிலாப்பூர் கால்வாய் ஓரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மூச்சிழுப்பு. புது மருந்து ஒன்றைப் பரிசோதித்துப் பார்க்க அடையாற்றிலிருந்து டாக்டர்கள் பால்வாடிக்கு வந்தார்கள். வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்பு மருந்து. எதையோ வேகமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எத்தனை நாள் கொடுப்பார்கள், அப்புறம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. கேட்க இவளுக்கும் வாய் வரவில்லை.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் பழகிய ஆனி, கால் நீட்டிப் படுத்தாள். ஆட்டோ தேடி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நின்றது. சான்ட்ராவும் தூங்கினாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஸஹானா வந்து எச்சரித்தாள்.

"தேறிடுச்சுன்னு சொல்லிக்கினு திரியாதடி. என் புள்ள எடை ஏறிச்சுன்னு தெரிஞ்சதும் பால்வாடில எக்ஸ்ட்ரா சத்துமாவ நிறுத்துனாங்களா இல்லியா? நல்லா கீதுன்னு சொன்னா இதுவும் நின்னுடும்."

நியாயமாகத்தான் பட்டது. ஒருத்தி சொல்லி இன்னொருத்தி என்று, கால்வாய் ஓரமே லேசாக ஊதியது.

அடுத்த தடவை டாக்டர் வந்தபோது யாரையும் ஊதச் சொல்லவில்லை. கூட வந்த நர்ஸ் ஷீலா, எல்லாரிடமும் பம்பைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த மருந்து பசங்களுக்கு வேலை செய்யலம்மா. அதான் நிறுத்தியாச்சு" என்றார் டாக்டர், ஆறுதல் சொல்வதுபோல.

நாலு பேர் முன்னால் வாயே திறக்காத சான்ட்ரா, கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்றாள்.

"பொய் சொன்னோம் சார். என் பொண்ணு நல்லா ஆயிட்டா. அதைச் சொன்னா மருந்தை நிறுத்திடுவீங்கன்னு பயந்து..."

டாக்டர் மற்ற அம்மாக்களைப் பார்த்தார். ஒருத்தியும் நிமிரவில்லை.

சான்ட்ரா அவர் பையிலிருந்த குழாயைத் தானே எடுத்து ஆனியின் வாயில் வைத்தாள்.

"ஊதுடி. எவ்ளோ முடியுமோ அவ்ளோ ஊது."

ஆனி முகம் சிவக்க ஊதினாள். முள் விறுவிறுவென்று மேலே போய் நின்றது.

டாக்டர் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார். இந்த மருந்தால் பலனில்லை என்று முடிவு எழுதிக் கம்பெனிக்கு அனுப்பியாகிவிட்டதாம். அவர்கள் இதை மூட்டை கட்டிவிட்டார்களாம். இனி யார் சொன்னாலும் எடுபடாதாம்.

"உங்க பொய்யால ஒரு நல்ல மருந்தே போச்சேம்மா" என்றார்.

ஸஹானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"தப்புதான் சார்" என்றாள் சான்ட்ரா. "நிஜத்தைச் சொல்லியிருந்தா, என் பொண்ணுக்கு இந்த மருந்து தொடர்ந்து கிடைச்சிருக்குமா?"

டாக்டர் ஷீலாவிடம் பெட்டியை மூடச் சொன்னார்.

"இல்லம்மா. பரிசோதனை முடிஞ்சதும் எப்படியும் நிறுத்தியிருப்போம். இது வெளிநாட்டுல விக்கிறதுக்கான மருந்து."