முப்பத்தேழாவது கேள்வி

இரண்டாவது சர்வரை அணைக்க அவள் கையைக் கொண்டுபோனபோது அதில் தொள்ளாயிரத்துப் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அவளுடைய மாமியார்.

பின்னால் நின்ற டீம் லீடர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மாமியார் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விரலையே கடித்திருப்பார்.

அது சிறுநீரகம் தருகிறவர்களும் கேட்கிறவர்களும் பதிந்துகொள்ளும் வெப்சைட். தருகிறவருக்கு மட்டும் அறுபத்திரண்டு கேள்விகள். எந்த வயதில் எந்த ஆபரேஷன், எதற்கு எந்த மாத்திரை என்று வக்கீல் மாதிரி குடையும். பாதியில் எழுந்து போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்தது.

போன வருஷம் வரை அது வாய்ச்சொல்தான்.

வந்திருப்பவர் யார், எந்தக் கேள்வி வரை வந்திருக்கிறார் என்பதை வெப்சைட்டை ஓட்டும் மூன்று சர்வர் கம்ப்யூட்டர்களில் ஒவ்வொன்றும் தன் நினைவில் மட்டும் வைத்திருந்தது. வீட்டுச் சாவி எங்கே என்று ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரிந்திருப்பது மாதிரி. சர்வர் படுத்தால் எல்லாம் போச்சு. திரும்பவும் முதல் கேள்வி. அப்படி ஒரு நாள் இருநூறு பேர் நடுத்தெருவில் நின்றார்கள். பாதிப் பேர் அப்புறம் திரும்பி வரவேயில்லை.

அதற்குப் பிறகுதான் நான்கு மாதம் மல்லுக்கட்டி அத்தனை பேருடைய விவரத்தையும் மூன்று சர்வருக்கும் பொதுவான டேட்டாபேஸுக்கு மாற்றினாள். வேகம் குறையும் என்று டீம் லீடர் முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. இனி ஒரு சர்வர் போனால் இன்னொன்று டேட்டாபேஸைப் பார்த்து, இவர் இன்னார், இந்தக் கேள்வியில் நிற்கிறார் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். மூன்று சர்வர் முப்பது ஆனாலும் கவலையில்லை.

ஆள் இருக்கும்போதே ஒன்றை அணைத்துப் பார்த்தால்தான் அது நிச்சயம். மத்தியானம் அவள் இருக்கமாட்டாள், வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு அரை நாள்தான் வேலை. அதனால் காலை பதினோரு மணி என்று முடிவாகியிருந்தது.

மாமியார் சொந்தத்தில் ஒருவருக்குத் தருவதற்காகப் பதிந்துகொண்டிருந்தார். நேற்று மதியத்துக்குள் கடகடவென்று முப்பத்தாறு கேள்விகளை முடித்துவிட்டார். முப்பத்தேழில் நின்றவர் நின்றவர்தான். அது என்ன கேள்வி என்று அவளுக்கு ஞாபகமில்லை. அவளால் பார்க்க முடிந்தது எண்ணை மட்டும்தான். மற்றதெல்லாம் யாரும் பார்க்க முடியாதபடி அவளே பூட்டியிருந்தாள்.

மனசு மாறிவிட்டது என்று அவள் புரிந்துகொண்டாள். தப்பு சொல்ல முடியாது. ஐம்பத்தெட்டு வயசு.

அவர் முடிக்கிறாரா இல்லையா என்று இன்னும் ஒரு நாள் காத்திருந்து பார்த்திருக்கலாம். அவள் காத்திருக்கவில்லை.

அணைத்தாள்.

தொள்ளாயிரத்துப் பதினான்கு சட்டென்று பூஜ்யம் ஆனது. மற்ற இரண்டு சர்வர்களிலும் எண்கள் ஏறின. கூட்டிப் பார்த்தாள். ஒருவர்கூடக் குறையவில்லை.

டீம் லீடர் கையெடுத்துக் கும்பிட்டார். அதே நேரம் அவளுடைய செல்போன் அடித்தது. மாமியார். எடுத்தாள்.

"ஏம்மா, வாங்கிக்கிறவங்க உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்குதே, நானும் நேத்துலேருந்து கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் பாக்கறேன், அதுல மருமகள்னு ஒண்ணையே காணோம். கடைசியில மற்றவர்னு போட்டிருக்கு, அதையா போட முடியும்? இப்பதான் மகள்னு போட்டுட்டு அடுத்ததுக்கு வந்தேன்."

நடுவில் ஒரு சர்வர் போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

ஒரே ஒரு ஆளுடைய விவரம் மட்டும் தொலைந்து போகட்டும் என்று அணைக்கிற நொடியில் அவள் நினைத்திருந்தாள். முப்பத்தாறு பதிலும் போய்விட்டால், பாழாய்ப்போன வெப்சைட் என்று அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டு மாமியார் கௌரவமாகப் பின்வாங்கலாம் இல்லையா? வேண்டாம் அத்தை என்று அவளே சொல்லியிருக்கலாம். சொல்ல விடாமல் உயிர்மேல் ஆசை தடுத்தது. டேட்டாபேஸுக்கு அந்த மாதிரி ஓரவஞ்சனை எல்லாம் தெரியாது. எல்லாரையும் போல மாமியாரையும் பத்திரமாக வைத்திருந்தது.

பன்னிரண்டு வருஷமாக இருவருக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஜன்னல் திறப்பதிலிருந்து துணி காயப்போடுவது வரை வாக்குவாதம். சொந்தபந்தம் எல்லாரையும் சோதித்த பிறகு அவளுக்கு ஒத்துப்போனது அவருடைய சிறுநீரகம் மட்டும்தான்.

உறவுகளின் பட்டியலை இரண்டு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து தட்டியவளும் அவளேதான். மருமகளுக்கு யார் தரப்போகிறார்கள் என்று அப்போது தோன்றியிருக்கும்.

"ரொம்ப நன்றி அத்தை" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னதால் நாக்கு குழறியது. நல்லவேளை, அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து, போன் கட்டாகியிருந்தது. திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொன்னாள்.

சர்வருக்காக ஒருத்தி இப்படி அழுவாளா என்று டீம் லீடர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ஒரு வாய் மட்டும் குடித்தாள். அதற்குமேல் டாக்டர் அனுமதி இல்லை.

பட்டியலில் மருமகளைச் சேர்க்க ஒரு நிமிஷம் போதும். நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.